ஹாஸ்கெல்: குவிக்செக்கில் 100 டெஸ்ட்டும் பாஸ், ஆனா 501 யூனிட்டுக்கு தப்பான கரண்ட் பில்

வேளச்சேரி_டெவ்:
ரெண்டு மாச வீட்டு மின்கட்டணம் கணக்குப் போடுற ஹாஸ்கெல் ஃபங்ஷன். யூனிட்டை இன்ட்டா (முழு எண்ணா) வாங்கி, பைசாவில் பதில் தரும். தமிழ்நாட்டின் 2022 செப்டம்பர் வீதம். குவிக்செக்கில் (தானா எண்களை உருவாக்கி விதியைச் சோதிக்கிற லைப்ரரி) ஒரே ஒரு விதி: ஒரு யூனிட் கூடினா பில் குறையக் கூடாது. நூறும் பச்சை. ஆனா 501 யூனிட்டுக்கு ₹1,958 வரணும், ₹1,733 வருது. டெஸ்ட் ஏன் பிடிக்கலை?

தரமணி_லாம்ப்டா:
இன்ட்டுக்கு குவிக்செக் தானா உருவாக்குற எண்கள் சின்னவை. எண் எவ்வளவு பெருசா போகலாம்னு சொல்ற சைஸ் 0-வில் தொடங்கி நூறை ஒட்டி நின்னுடும்; மைனஸ் எண்ணும் வரும். நீங்க எடுத்த வீதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். ஆக உங்க நூறு டெஸ்ட்டும் பூஜ்யத்தைப் பூஜ்யத்தோடதான் ஒப்பிட்டிருக்கு.

ஃபார்ஆல் (எண்ணை எங்கிருந்து எடுக்கணும்னு சொல்றது), சூஸ்இன்ட் (ஒரு வரம்புக்குள்ள எண் எடுக்கிறது) வச்சு 0 முதல் 2000 வரை எடுங்க. அதுவும் போதாது, 500 அப்படியே விழ வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஃப்ரீக்வென்சி போட்டு 100, 200, 400, 500 ஆகிய விளிம்புகளுக்குத் தனி எடை கொடுங்க. எத்தனை சதவீதம் 500-ஐத் தாண்டுதுன்னு பார்க்க கவர் இருக்கு. ஆனா அது தனியா எச்சரிக்கை மட்டும்தான் தரும். செக்கவரேஜ் சேர்த்தாத்தான் ஃபெயில் ஆகும்.

அடையாறு_டைப்ஸ்:
ஜெனரேட்டரைச் சரி பண்ணினாலும் இந்த பிழை மாட்டாது. 500-க்கு ₹1,725, 501-க்கு ₹1,733: ஏறிக்கிட்டேதானே போகுது, விதி உடையலையே. 500 தாண்டினா 101–200 யூனிட்டுக்கான ₹2.25 வீதம் போய், அந்த நூறுக்கும் ₹4.50 ஆகிடும். உங்க கோடில் விட்டுப்போனது அந்த ₹225.

இதுக்குக் கையால் கணக்குப் போட்ட எண்கள்தான் வேணும். ஹெச்ஸ்பெக்கில் (ஹாஸ்கெல் டெஸ்ட் லைப்ரரி) ஷுட்பி (விடை இதுவான்னு பார்க்கிறது) வச்சு, பைசாவில்: 100-க்கு 0, 101-க்கு 225, 200-க்கு 22500, 500-க்கு 172500, 501-க்கு 195800. அதே ஃபார்முலாவை டெஸ்ட்டிலும் எழுதிடாதீங்க, ரெண்டு இடத்திலும் ஒரே தப்பு வரும். குவிக்செக்குக்கு இன்னொரு நல்ல விதி: 500-லிருந்து 501 போகும்போது மட்டும் ₹233 கூடணும், மத்த எந்த இடத்திலும் ஒரு யூனிட்டுக்கு ₹11-க்கு மேல் கூடக் கூடாது.

வேளச்சேரி_டெவ்:
புரிஞ்சுது, நன்றி. இப்போ மைனஸ் யூனிட்டுக்கு எர்ரர் வீசுற மாதிரி மாத்தினேன். ரிட்டர்ன் போட்டு ஷுட்த்ரோ (எர்ரர் வருதான்னு பார்க்கிறது) எழுதினா, எர்ரரே வரலைன்னு டெஸ்ட் ஃபெயில் ஆகுது?

தரமணி_லாம்ப்டா:
லேசி எவால்யுவேஷன்: தேவைப்பட்டாத்தான் ஹாஸ்கெல் கணக்கிடும். ரிட்டர்ன் அந்த மதிப்பைக் கணக்கிடவே கணக்கிடாது. அந்த இடத்தில், மதிப்பைக் கணக்கிட வைக்கிற எவால்யுவேட் போடுங்க. அதைவிட எர்ரர் வீசாம ஈதர் (பிழை அல்லது விடை, ரெண்டில் ஒண்ணு இருக்கிற டைப்) திருப்புறது நல்லது, வெறும் ஷுட்பி போதும்.

அடையாறு_டைப்ஸ்:
ஒண்ணு விட்டுட்டேன். ஃபார்ஆல் தோத்த எண்ணை, தோக்கிற இன்னும் சின்ன எண்ணாச் சுருக்காது. 1372-ன்னு ஏதாவது காட்டி நிக்கும். சுருக்கவும் செய்யுற ஃபார்ஆல்ஷ்ரிங்க் போடுங்க. அப்புறம் வீத டேபிளை ஃபங்ஷனுக்குள்ள புதைக்காம ஆர்குமென்ட்டா அனுப்புங்க. 2024 ஜூலையில் வீதம் ஏறிடுச்சு. புது டேபிளுக்குத் தனி டெஸ்ட் எழுதலாம், பழசைத் தொட வேண்டாம்.