பேச முடியணும், பாட முடியக் கூடாது

*சனிக்கிழமை*

பெரியப்பா: பிள்ளைகளா, ஒரு சந்தேகம். ஆறு மாதமாகத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனாலும் இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவும் அப்படியேதான் நிற்கிறது. நடை போதாதோ?

தம்பி: போதாது பெரியப்பா, ஓடணும்

அக்கா: டேய், அவசரப்படாதே. பெரியப்பா, படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, தலைசுற்றல் ஏதாவது உண்டா?

பெரியப்பா: அதெல்லாம் இல்லைம்மா. மூச்சு மட்டும்தான். நின்றால் சரியாகிவிடும்.

அக்கா: சரி. இருந்தாலும் சர்க்கரை இருக்கிறவர், வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். அடுத்த கேள்வி. நடக்கும்போது பேசிக்கொண்டே போவீர்களா?

பெரியப்பா: நாலு பேர் சேர்ந்துதானே போகிறோம், பேச்சுக்கு என்ன குறை

அக்கா: அந்த நடையில் ஒரு பாட்டை முழுசாகப் பாட முடியுமா?

பெரியப்பா: தாராளமாக

அக்கா: விஷயம் அங்கேதான் இருக்கிறது. பேச முடியணும், ஆனால் பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். நாலு வார்த்தை சொல்வதற்குள் மூச்சு வாங்கினால் கடும் வேகம். பிசியோதெரபிக்கு என்னிடம் வருகிற எல்லாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான். நீங்கள் நடக்கிற நடை உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல், அதை விடவே வேண்டாம். ஆனால் இதயத்துக்கு அது பழகிப்போன வேலை. கொஞ்சம் கூடுதலாக வேலை கேட்டால்தான் ஒரு துடிப்புக்கு அது தள்ளுகிற ரத்தத்தின் அளவு கூடும், தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாக வளரும், ஆக்சிஜனை எரித்துச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியா பெருகும். இவ்வளவும் நடந்தால்தான் படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறையும்.

நான்: உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகம், இல்லையென்றால் 75 முதல் 150 நிமிடம் கடும் வேகம், இரண்டையும் கலந்தும் செய்யலாம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள், இப்போது அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் படி ஏறினாலும் கணக்கில் சேரும்.

அக்கா: படி என்றதும் ஞாபகம் வருகிறது. லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை வைத்து ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுகிற ஓட்டுநர்களைவிட, மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிற நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைத் தேடிய ஆராய்ச்சியெல்லாம் பெருகியது அதற்கப்புறம்தான்.

அத்தை: நீங்கள் எல்லாரும் படி படி என்கிறீர்கள், எனக்கு முட்டி அல்லவா வலிக்கிறது. அண்ணனுக்கு நடை சரி, நான் என்ன செய்வது?

அக்கா: அத்தை, உங்களுக்கு நீச்சல் குளம் நல்லது. நீந்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மார்பளவு தண்ணீரில் நடங்கள். உடம்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அப்போது காலில் இறங்கும், முட்டி நோகாமல் இதயத்துக்கு வேலை கிடைக்கும். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளும் சரிதான், இருக்கையை மட்டும் ரொம்பத் தாழ்வாக வைக்காதீர்கள், முட்டி அதிகமாக மடங்கினால் வலி கூடும். ஆனால் ஒன்று, தண்ணீரும் சைக்கிளும் எலும்புக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. எலும்பு கெட்டியாக இருக்க உடல் எடையை அது தாங்கணும். அதனால் வலி பொறுக்கிற அளவுக்குச் சமதளத்தில் கொஞ்சம் நடையும், வாரம் இரண்டு நாள் தொடைத் தசைக்கான பயிற்சியும் கட்டாயம் வேண்டும். தொடை வலுவாக இருந்தால் முட்டி தாங்கும்.

அத்தை: ஆடலாமா? எனக்கு அதுதான் பிடிக்கும்

அக்கா: குதிக்காமல் ஆடுங்கள் அத்தை, அருமையான பயிற்சி. பிடித்ததைச் செய்கிறவர்கள்தான் விடாமல் செய்கிறார்கள், நான் கண்கூடாகப் பார்ப்பது இது.

தம்பி: நான் ஓட ஆரம்பித்து மூன்றாவது வாரமே முன்னங்கால் எலும்பு ஓரமாக வலி. நிறுத்திவிட்டேன். மூச்செல்லாம் நன்றாகத்தான் இருந்தது

அக்கா: அதுதான் ஏமாற்றுவது. இதயமும் நுரையீரலும் சில வாரத்திலேயே பழகிவிடும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். நீ முதல் நாளே முடிகிற மட்டும் ஓடியிருப்பாய். வலி போனதும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கு. அதுவும் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில்.

பெரியப்பா: என் சர்க்கரையை மறந்துவிடாதேம்மா

அக்கா: மறப்பேனா. தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள்தான் தங்கும், அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடந்தால் ஏறுகிற சர்க்கரை அப்போதே மட்டுப்படும். மாத்திரையால் சர்க்கரை ரொம்ப இறங்க வாய்ப்பு உண்டா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்: கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு பார்த்தே வேகத்தை வைத்துக்கொள்ளலாமா அக்கா? நாடி அதிகபட்சம் எவ்வளவு துடிக்கும் என்று பார்க்க 220லிருந்து வயதைக் கழிக்கிற கணக்கு

அக்கா: அது ஒரு தோராயக் கணக்குதான். அதோடு ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் துடிப்பை ஏற விடாது, அப்போது அந்த எண் ஏமாற்றும். பேச்சு ஏமாற்றாது.

*வியாழக்கிழமை*

பெரியப்பா: டாக்டர் பார்த்துவிட்டு நடக்கலாம் என்றார். இன்று வழக்கமான நடைக்கு நடுவில் பத்து நிமிடம் மட்டும் வேகமாகப் போனேன். பேச முடிந்தது, பாட்டு இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் பின்தங்கிவிட்டார்கள்.

அக்கா: முடிக்கும்போது சட்டென்று நின்றீர்களா?

பெரியப்பா: நின்றேன். தலை லேசாகக் கிறுகிறுத்தது

அக்கா: காலில் இறங்கிய ரத்தத்தைத் தசைதான் மேலே தள்ளிக்கொண்டிருக்கும், சட்டென்று நின்றால் அது காலிலேயே தேங்கும், கிறுகிறுப்பு அதனால்தான். நாளையிலிருந்து கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள். அப்படியும் தலை சுற்றினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அத்தை: அண்ணா, நாளை நானும் வருகிறேன். மெதுவாகப் போகிற அந்த ஐந்து நிமிடத்துக்கு