தொகுதி மறுவரையறை பற்றி எங்கள் கிராம சபையில் தீர்மானம் போடலாமா?

உசிலை மேற்கு:
எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் சின்ன ஊராட்சி எங்களுடையது. வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில், தொகுதி மறுவரையறையால் (மக்கள்தொகைப்படி எம்பி இடங்களை மாநிலங்களுக்குப் புதிதாகப் பிரிப்பது) நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் பங்கு குறையக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று இளவட்டங்கள் நாங்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். 2027 மார்ச் 1-ஐ வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் மறுவரையறை வரும், அப்போது பேசி என்ன பயன் என்பதுதான் எங்கள் கவலை.

ஊராட்சி செயலரிடம் கேட்டால், "அது டெல்லி விஷயம்ப்பா, நம்ம தீர்மான நோட்டுல ஏறாது" என்கிறார். தலைவரிடம் போகலாம் என்றால் தலைவரே இல்லை, 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில் ஓடுகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர், "58 கிராமக் கால்வாய்ல தண்ணி வர வழியப் பாருங்கடா, எம்பி சீட்டு எத்தனைன்னு நமக்கு எதுக்கு" என்றார். அவர் கேட்டதும் நியாயமாகத்தான் படுகிறது.

சட்டப்படி இதற்குத் தடை இருக்கிறதா? போட்டால் அந்தத் தாளுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் சம்சாரி:
தம்பி, தாராளமாகப் போடுங்கள். டெல்லி விஷயம் நோட்டில் ஏறாது என்று எங்களிடமும்தான் சொன்னார்கள்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தபோது இங்கே பாதிப் பேருக்கு டங்ஸ்டன் என்றால் என்னவென்றே தெரியாது. ஏலம் விட்டது ஒன்றிய அரசு, சட்டம் ஒன்றியச் சட்டம், எடுத்தது தனியார் நிறுவனம், இதில் ஊராட்சிக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டி வந்தது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், பாண்டியர் காலக் குடைவரையும் சமணர் படுகையும் தமிழி எழுத்தும் இருக்கிற மலை, அந்த மலைத் தண்ணீரை நம்பித்தான் கீழே இத்தனை கண்மாய்கள். நவம்பர் 23 கிராம சபையில் எங்கள் வட்டாரத்தில் ஊராட்சி ஊராட்சியாகத் தீர்மானம் போட்டார்கள். மறு மாதம் 9-ஆம் தேதி சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தமுக்கம் வரைக்கும் கிளம்பிய கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், மேலூரில் கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஜனவரி 23-ல் ஏலம் ரத்து.

தீர்மானம் மட்டும்தான் ரத்து செய்ய வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ரோட்டில் இறங்கி நடந்த சனம்தான் செய்ய வைத்தது. ஆனால் யாரோ தூண்டிவிட்டுக் கூடிய கூட்டம் என்று எங்களை ஒதுக்க முடியாமல் போனதற்கு அந்தத் தீர்மானங்கள் ஒரு காரணம். எந்த அதிகாரியிடம் போனாலும் முதலில் எடுத்து நீட்டியது அந்த நகலைத்தான்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பல ஊர்களில் நடப்பது என்ன? மந்தையில் சாமியானா போட்டு, நூறு நாள் வேலைக்கு வருகிற அக்காமார்களை உட்கார வைத்து, வருகைப் பதிவேடு என்று வெற்றுப் பக்கத்தில் வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிற்பாடு ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கூட்டத்திலேயே நோட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை மைக்கில் வாசிக்கச் சொல்லி, அதற்கு அடியில் கையெழுத்துப் போட வையுங்கள். நோட்டை மூடுவதற்குள் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடிப்பட்டி முன்னாள் வார்டு உறுப்பினர்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம்.

டங்ஸ்டனும் இதுவும் ஒன்றில்லை. அங்கே நிலம் அவர்களுடையது, தண்ணீர் அவர்களுடையது, ஊரே ஒரே பக்கம் நின்றது. மறுவரையறை அப்படியில்லை. விகிதாச்சாரப்படி தெற்கே ஒரு இடம்கூடக் குறையாது என்று ஒன்றிய உள்துறை அமைச்சர் 2025 பிப்ரவரியில் கோவையில் பேசினார், அதை நம்புகிறவரும் உங்கள் ஊரில் இருப்பார், நம்பாதவரும் இருப்பார். கை தூக்கி ஓட்டுப் போடுகிற சபையில் யார் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாளைக்கு அதே ஆட்கள்தான் ஒரே டீக்கடையில் உட்கார வேண்டும், ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, கிராம சபை நேரம் ரொம்பக் குறைச்சல். நான் உறுப்பினராக இருந்தபோது மேல்நிலைத் தொட்டியில் பாசி பிடித்துக் கிடக்கிறது என்று ஒரு அம்மா எழுந்து பேச ஆரம்பித்தார், அந்த நேரம் பார்த்துக் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் தலைநகர அரசியலைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட, கூட்டத்தைக் கவனிக்க வந்த அதிகாரி (பற்றாளர்) கூட்டத்தையே முடித்துவிட்டார். அந்த அம்மா அதற்கப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. குடிநீர், வாறுகால், தெருவிளக்கு பேச அவர்களுக்கு இருக்கிறது இந்த ஒரே இடம்தான். அதைத் தட்டிப் பறித்துவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

திருநகர் டு சிட்னி:
சொந்த ஊர் திருநகர், இப்போது இருப்பது சிட்னி. இங்கே 2023-ல் இதே சண்டை நடந்தது. பழங்குடி மக்களை அரசியல் சாசனத்தில் அங்கீகரித்து, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அவர்களுக்கென்று ஒரு அமைப்பு வைக்கலாமா என்று நாடு முழுக்கப் பொது வாக்கெடுப்பு. சிட்னி மாநகராட்சி உள்படப் பல உள்ளாட்சிகள் 'ஆம்' பக்கம் வெளிப்படையாக நின்றன. குப்பை அள்ளுவதையும் ரோடு போடுவதையும் விட்டுவிட்டு இது உங்களுக்கு எதற்கு, எங்கள் வரிப் பணத்தில் எங்களுக்கே பிரசாரமா என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

அக்டோபர் 14 வாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஆறு மாநிலங்களிலும் தோல்வி, தலைநகரப் பகுதியில் மட்டும் 'ஆம்'. அதற்காக உள்ளாட்சிகள் பேசியது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இங்கே கவுன்சில் ஒரு நிலை எடுத்தாலும் கடைசியில் ஒவ்வொருவரும் மறைவாகத் தன் ஓட்டைத் தானே போட்டார்கள். நம் ஊரில் மறுவரையறைக்கு அப்படி ஒரு வாக்கெடுப்பே வரப்போவதில்லை, சாசனத்தில் அதற்கு வழி வைக்கவில்லை. அப்படியிருக்க, இருக்கிற ஒரே சபையிலும் பேசாதே என்றால் அந்த ஊர்க்காரர் எங்கேதான் போய்ச் சொல்வார்?

கோர்ட் வாசல்:
சட்டப் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன். 1994 ஊராட்சிகள் சட்டத்தில் தேசிய விஷயம் பேசக் கூடாது என்று தடை எதுவும் இல்லை. ஆனால் அரசைக் கட்டுப்படுத்துகிற வலிமையும் அந்தத் தீர்மானத்துக்கு இல்லை. அதிகாரத்தை மீறியது, கலவரத்துக்கு வழி வகுப்பது என்கிற மாதிரிக் காரணங்களுக்காக ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது, ஆகவே வாசகத்தில் வசை வேண்டாம். கோரம், அதாவது கூட்டத்துக்கு வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், முக்கியம்: ஊர் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. தலை குறைந்தால் அதைக் காட்டியே ஒதுக்கிவிடுவார்கள்.

ஒடிசா நியமகிரியைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அங்கே 2013-ல் உச்ச நீதிமன்றமே கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது, மாவட்ட நீதிபதி மேற்பார்வையில் 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. அது வன உரிமைச் சட்டத்தின் பலம். உங்களுக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

உள்ளாட்சிக்காரர்கள் நாட்டு விஷயத்தில் உண்மையாகவே முடிவு சொன்னது புதுச்சேரியில். 1954 அக்டோபர் 18, கீழூர். இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர், பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்தான். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். பொதுமக்களைக் கேட்கவில்லை என்ற குறை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. அந்தக் குறை உங்கள் தீர்மானத்துக்கு வராது, ஏனென்றால் கிராம சபையில் ஊரின் வாக்காளர் அத்தனை பேரும் உறுப்பினர்.

மேலூர் சம்சாரி:
வாடிப்பட்டி அண்ணன் சொன்ன அந்தத் தண்ணீர்த் தொட்டி அம்மா விஷயம் மனசை அறுக்கிறது. தம்பி, உங்கள் தீர்மானத்தைக் கடைசிப் பொருளாக வையுங்கள். ஊர்ப் பிரச்சினை எல்லாம் பேசி முடிக்கட்டும், அப்புறம் இது. எதிர்க்கிறவருக்கும் மைக்கைக் கொடுங்கள், அவர் எதிர்த்தார் என்பதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் எதிர்ப்பே இல்லாததால் அது தேவைப்படவில்லை, உங்களுக்குத் தேவைப்படும்.

உசிலை மேற்கு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இத்தனை பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. 58 கால்வாய்க்கு வைகை அணையிலிருந்து தண்ணீர் திறக்கக் கேட்டு முதல் தீர்மானம், மறுவரையறை கடைசி என்று முடிவு செய்திருக்கிறோம். பெரியவரிடமும் சொல்லிவிட்டேன், முதல் தீர்மானத்தை நானே எழுந்து முன்மொழிகிறேன் என்றார். வாசகம் இப்படி எழுதியிருக்கிறோம்: "1967-ல் மக்களவையில் தமிழ்நாட்டின் இடங்கள் 41-லிருந்து 39 ஆகக் குறைந்தன. குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த மாநிலத்துக்கு மறுபடியும் அந்த நிலை வராமல், இப்போதுள்ள விகிதம் மாறாமல் பார்த்துக்கொள்ளுமாறு ஒன்றிய அரசை இந்தக் கிராம சபை கேட்டுக்கொள்கிறது." இதில் ஏதாவது சட்டச் சிக்கல் இருக்கிறதா?

கோர்ட் வாசல்:
சிக்கல் இல்லை. அரசியல் சாசனத்தின் 1976 திருத்தத்திலிருந்து மாநிலங்களுக்கு இடம் பிரிக்க 1971 கணக்கெடுப்புதான் அடிப்படை, 2001-ல் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது, அந்த ஒரு வரியையும் சேருங்கள், நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை என்பது புரியும். கூடவே உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்தச் சொல்லித் தனியாக ஒரு தீர்மானம் போடுங்கள். டெல்லியில் நமக்கு எத்தனை பேர் என்று கேட்கிற ஊரில் இன்றைக்கு ஓட்டுப் போட்டு வந்த ஒரு வார்டு உறுப்பினர்கூடக் கிடையாது.

வாடிப்பட்டி முன்னாள் வார்டு உறுப்பினர்:
அந்தத் தேர்தல் தீர்மானத்தைக் கட்டாயம் போடுங்கள் தம்பி, எங்கள் ஊரிலும் நான் எழுந்து கேட்கிறேன். மூன்று தீர்மானத்தின் நகலையும் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், ஆட்சியருக்கு ஒன்று பதிவுத் தபாலில் போகட்டும்.