சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: கதிர்ச்சிகிச்சை பலன் தருமா என்பதைப் பரிசோதனையால் முன்கூட்டி அறியலாமா?

உப்புவெளி மகள்:
திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். 72 வயதான என் அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையின் தசை வரை ஊடுருவிய புற்றுநோய் இருப்பது பயொப்சி அறிக்கையில் உறுதியாகியுள்ளது. சிறுநீர்ப்பையை அகற்றுவதா, மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை பெற்று அதைக் காப்பாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சிஇஏ, சிஏ 19-9 ஆகிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்தால் கதிர் பலன் தருமா என்பது தெரிந்துவிடும் என உறவினர் ஒருவர் கூறுகிறார். இது சரியா? கட்டியிலேயே பார்க்கக்கூடிய குறிகாட்டிகள் உண்டா?

திசுநோயியல் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர்:
சகோதரி, அந்த இரண்டு பரிசோதனைகளுக்காகப் பணம் செலவிட வேண்டாம். இந்நோயில் கதிர்ச்சிகிச்சையின் பலனை முன்னுரைப்பவையாக அவை நிறுவப்படவில்லை. உங்கள் இரண்டாவது கேள்வி கனமானது. கதிர், புற்றுநோய்க் கலத்தின் டிஎன்ஏ இழைகள் இரண்டையும் முறிக்கிறது. அம்முறிவை இனங்காணும் புரதங்களுள் ஒன்று எம்ஆர்இ11. சிகிச்சைக்கு முன் எடுத்த திசுவில் இப்புரதம் மிகுதியாக இருந்தவர்கள் கதிர்ச்சிகிச்சைக்குப் பின் இந்நோயால் இறப்பது குறைவாக இருந்தது என்றும், சிறுநீர்ப்பை அகற்றப்பட்டவர்களிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்றும் 2010இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அந்த இரண்டாவது பகுதியே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் நோய் எவ்வளவு கடுமையானது என்று மட்டும் சொல்லும் குறிகாட்டி, இரு சிகிச்சைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்ய உதவாது. ஆனால், அதே புரதத்தைப் பின்னர் மீண்டும் சோதித்தபோது, சாயமேற்றிய ஆய்வுகூடத்துக்கும் மதிப்பிட்டவருக்கும் ஏற்ப அளவீடுகள் மாறுபட்டதால் முதற்கண்ட முடிவை உறுதிப்படுத்த முடியவில்லை. கட்டியில் பார்க்கப்படும் பி53, கேஐ-67 என்ற வேறு இரு புரதங்கள் பற்றிய ஆய்வுகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆகவே இன்று இவற்றுள் எதையும் வைத்து உங்கள் அப்பாவின் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது.

கதிர்ச்சிகிச்சைப் பிரிவுத் தாதி:
மேலே எழுதிய ஐயாவின் கருத்தே என்னுடையதும். தற்போது வைத்தியர்கள் பெரிதும் நம்புவது கட்டி எத்தனை இடங்களில் உள்ளது, சிறுநீர்வழியே கருவி செலுத்திச் சுரண்டியபோது அது முழுமையாக அகற்றப்பட்டதா, உட்சுவரில் மேலோட்டமான புற்றுநோய் பரவலாக உள்ளதா, சிறுநீரகம் அடைப்பினால் வீங்கியுள்ளதா என்பவற்றையே. இவற்றை அறிக்கையில் தேடிப் பாருங்கள். கதிரோடு மருந்தும் சேர்ப்பார்களா என்றும் கேளுங்கள்: 360 பேர் பங்கேற்ற பிசி2001 ஆய்வில், 5-புளோரோயுராசில், மைட்டோமைசின் மருந்துகளைச் சேர்த்தவர்களுள் 67 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுகளின் பின்னரும் இடுப்புப் பகுதியில் நோயின்றி இருந்தனர், கதிர் மட்டும் பெற்றவர்களில் அது 54 சதவீதம். திருகோணமலையிலிருந்து வருபவர்களுக்குத் தங்குமிடம் பெரிய சுமை என்பதால் ஒன்றையும் சொல்கிறேன்: 64 கிரே (கதிர் அளவின் அலகு) கதிரை 32 தடவைகளில் கொடுப்பதற்குப் பதிலாக 55 கிரேயை 20 தடவைகளில் கொடுத்தாலும் நோய்க்கட்டுப்பாடு குறைவதில்லை என்று 2021இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது.

உப்புவெளி மகள்:
மிக்க நன்றி. சிடி ஸ்கேன் அறிக்கையில் இடது சிறுநீரகம் சற்று வீங்கியிருப்பதாக எழுதப்பட்டுள்ளது. இது கதிர்ச்சிகிச்சையை முற்றாகத் தடுத்துவிடுமா?

கதிர்ச்சிகிச்சைப் பிரிவுத் தாதி:
அதனால் மட்டும் கதவு மூடிவிடுவதில்லை, ஆனால் சிறுநீர்ப்பையைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு அது சாதகமான அறிகுறி அன்று. அடைப்பு நீங்கக்கூடியதா என்பதைச் சிறுநீரக அறுவைசிகிச்சை நிபுணரிடம் முதலில் கேளுங்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்; சிறுநீரகம் தளர்ந்திருந்தால் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுப்பது கடினம், அந்நிலையில் மேலே குறிப்பிட்ட இரு மருந்துகளும் பொருத்தமாக இருக்கலாம். ஸ்கேன் படத்தட்டையும் அறிக்கையோடு கொண்டுசெல்லுங்கள்.