பிள்ளை பெற்று முப்பத்தொன்றாம் நாள் கழிந்த பிறகும் அழுகிறவளை யார் கேட்பது?

(கொழும்பிலும் அதன் அயலிலும் உள்ள மூவர் எழுத்தில் நடத்திய உரையாடல்)

வெள்ளவத்தை அம்மம்மா:
பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் என் மகள் காரணமின்றி அழத் தொடங்கினாள். சரக்குக் கறி (பிள்ளை பெற்றவளுக்கென மருந்துச் சரக்குகள் அரைத்து வைக்கும் கறி) வைத்துக் கொடுத்து, இரவில் பிள்ளையை நான் வைத்துக்கொண்டு அவளை உறங்கவிட்டேன். பத்து நாளில் தெளிந்துவிட்டாள். கிளினிக்கிலோ தாயின் மனச்சோர்வை அறியப் பத்துக் கேள்விகள் உள்ள தாளொன்றைக் கொடுத்து, கடந்த 7 நாட்களில் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கிறார்கள். இல்லாத எண்ணத்தை நாமே ஏன் விதைக்க வேண்டும்?

தெகிவளைத் தகப்பன்:
அம்மா, முதல் நாட்களில் வரும் அந்தக் கலக்கம் பெரும்பாலான தாய்மாருக்கு வருவது; இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். சரக்குத்தூளுக்கு நான் எதிரி அல்லன் (எங்கள் வீட்டில் அரைவாசியை நானே சாப்பிட்டேன்). ஆனால் முப்பத்தொன்று கழிந்து, மாமியும் யாழ்ப்பாணம் திரும்பிய பின்னர், பிள்ளை உறங்கும் நேரத்திலும் உறங்காமல், மடித்த துணிகளையே மீண்டும் உதறி மடித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. அது மனச்சோர்வு என்பது எனக்கு விளங்கவில்லை. மனநல உதவித் தொலைபேசி எண்ணான 1926க்கு அழைத்துக் கேட்ட பிறகே விளங்கியது. கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஏற்கெனவே இருப்பதைச் சொல்ல ஒரு வழிதான் கிடைக்கிறது.

கொட்டாஞ்சேனைக் குடும்பநல மாது (வீடு வந்து தாயையும் சேயையும் பார்க்கும் மருத்துவமாது):
எடின்பரோ அளவுகோல் என்ற பெயரில் 1987 முதல் பல நாடுகளில் பயன்படும் அந்தத் தாளில் பிழையில்லை, அதை யார் முன்னிலையில் நிரப்புகிறார்கள் என்பதில்தான் பிழை. நான் போன ஒரு வீட்டில், அந்தப் பெண் ஒவ்வொரு விடைக்கும் முன்னர் மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அடையாளமிட்டாள். மாமியார் தேநீர் வைக்க எழுந்து போனதும், தாளைத் திருப்பி வாங்கி, தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கும் பத்தாவது கேள்வியின் விடையை மட்டும் வெட்டி மாற்றினாள்.

வெள்ளவத்தை அம்மம்மா:
பிள்ளாய், அதை வாசித்ததும் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை, ஏனென்றால் கிளினிக்கில் நானும் மகளின் பக்கத்திலேயே இருந்தேன்.

தெகிவளைத் தகப்பன்:
தகப்பன்மாருக்கும் இந்தச் சோர்வு வருகிறது. என்னிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

வெள்ளவத்தை அம்மம்மா:
சரி தம்பி. அடுத்த மாதம் சின்ன மகளின் முறை வரும்போது நான் வெளியில் நிற்கிறேன். ஆனால் அவள் 'ஆம்' என்று எழுதினால், அனுப்பப்படும் இடத்தில் அவளுடன் தமிழில் ஆறுதலாகப் பேச ஓர் ஆள் இருப்பாரா? இதற்கு நீங்கள் இருவருமே இன்னும் விடை எழுதவில்லை.