ஒரு ஷாம்பெயின் பாட்டிலுக்காக 2 மாதம்

செந்தில்: (படம்) மாமா, இன்று இத்தாலியின் துரின் கார் மியூசியம் போனேன். 1907 கார் பந்தயத்தில் ஜூன் 10 அன்று பீக்கிங்கில் (இப்போதைய பெய்ஜிங்) கிளம்பி ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் சேர்ந்து ஜெயித்த இத்தாலா கார் இதுதான். 7 லிட்டருக்கு மேல் எஞ்சின், கூரை கிடையாது, இதில் உட்கார்ந்துதான் கோபி பாலைவனத்தைத் தாண்டியிருக்கிறார்கள்

ராஜாமணி மாமா: சக்கரத்தைக் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு தம்பி. மரமா?

செந்தில்: மரம்தான் மாமா. ரஷ்யாவில் வரும்போது ஆரக்கால் ஆட்டம் கண்டு, சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார்கள். அப்படியும் உடைந்துவிட்டது, ஒரு கிராமத்துத் தச்சர் கோடாரியை வைத்தே வேறு செய்து கொடுத்தாராம்

ராஜாமணி மாமா: ஊறப்போட்டதில் என்ன ஆச்சரியம்? சித்திரை வெயிலில் மாட்டுவண்டிச் சக்கரம் வற்றி இரும்புப் பட்டா லொடலொடவென்று ஆடினால் நம் அப்பாவும் குளத்தில்தான் இறக்கி வைப்பார்

சுந்தரி அத்தை: இவ்வளவு பாடுபட்டு ஜெயித்தவருக்கு என்ன கொடுத்தார்கள்

செந்தில்: ஒரு பெரிய ஷாம்பெயின் பாட்டில் அத்தை 😄

சுந்தரி அத்தை: அதைக் குடிக்கவா அவ்வளவு தூரம்? நல்ல கூத்து

மீனா: அவர் இளவரசர் அத்தை, போர்கேசே. காசு எதற்கு? காரின் அகலத்துக்கு ஒரு மூங்கில் கழி வெட்டிக்கொண்டு குதிரையில் முன்னாடியே மலைப்பாதைக்குப் போய் எங்கே இடிக்கும் என்று அளந்து பார்த்தவர், பெட்ரோல்கூட ஒட்டகத்தில் முன்னாலேயே போய்விட்டது. கிளம்பிய 5 வண்டியில் ஒரு மூன்று சக்கர வண்டி கோபியிலேயே நின்றுவிட்டது, இவரோ ஜெயிக்கிற தெம்பில் மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் விருந்துக்குப் போய்விட்டு வந்தார்!

ராஜாமணி மாமா: அதெல்லாம் சரி, ரிப்பேர் பார்த்தது யார்?

செந்தில்: குய்சார்தி என்று ஒரு மெக்கானிக்

ராஜாமணி மாமா: அந்தப் பெயரை அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்

மீனா: இப்போதும் பழைய கார்களில் போகிறார்கள் மாமா. 2024-ல் ரஷ்யாவை விட்டுவிட்டு கஜகஸ்தான், அஜர்பைஜான் என்று சுற்றி 37 நாளில் பாரிஸ். ஆனால் பறந்தால் மட்டும் ஜெயிக்க முடியாது, பல கட்டங்களில் சொன்ன சராசரி வேகத்தில் சொன்ன நொடிக்கு வர வேண்டும், முந்தி வந்தாலும் அபராதம்

ராஜாமணி மாமா: அதுதான் முறை. பள்ளத்தில் பறந்தால் முதலில் குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டை போகும், அடுத்து ரேடியேட்டர். ஆனால் பட்டை உடைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் அடித்துக் கொடுப்பான், புது வண்டியில் சென்சார் போனால் பாலைவனத்தில் கோளாறு பார்க்க லேப்டாப்புக்கு எங்கே போவாய்?

செந்தில்: அப்போ நம் ஷெட்டில் நிற்கும் வண்டியை எடுப்போமா மாமா

சுந்தரி அத்தை: அது முதலில் கேட்டைத் தாண்டட்டும். போன பொங்கலிலிருந்து அதன் மேல் வடாம்தான் காய்கிறது

ராஜாமணி மாமா: கார்புரேட்டர் கழற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். தம்பி, சக்கரப் படம் இன்னும் வரவில்லை