கெடுதகவமைப்பு: மால்அடாப்டேஷனுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சுற்றுலாவும் காலநிலை மாற்றமும் பற்றிய ஓர் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது மால்அடாப்டேஷன் (maladaptation) என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று உங்களிடம் கேட்டிருந்தேன். காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வது தகவமைப்பு (adaptation). அப்படிச் செய்வதே பின்னால் கேடாக முடிந்தால் அது மால்அடாப்டேஷன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வந்த சொற்களை ஒவ்வொன்றாக வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். என் முடிவைச் சொல்வதற்கு முன் கருத்தைக் கொஞ்சம் விரித்துவிடுகிறேன். அது தெளிவாகாமல் பேசியதால்தான் போன மடல்களில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

பனிச்சறுக்குத் தலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் சுருங்கி, விழும் பனி போதாமல் போனால் இயந்திரத்தால் பனி செய்து சரிவில் கொட்டுகிறார்கள். தலம் மூடப்படாமல் தப்புகிறது, அதை நம்பியிருப்பவர்களின் வேலையும் தப்புகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் டேனியல் ஸ்காட்டும் அவரது சகாக்களும் தென் ஒன்டாரியோவை வைத்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. செயற்கைப் பனியையும் கணக்கில் சேர்த்தால், சறுக்குப் பருவத்தின் இழப்பு முந்தைய ஆய்வுகள் சொன்ன அளவுக்கு இல்லை. அதுவரை பனி குறையும், தொழில் படுத்துவிடும் என்று மட்டும் கணக்குப் போட்டிருந்தார்கள். மனிதர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்பதைக் கணக்குக்குள் கொண்டுவந்தது இந்த ஆய்வு. எனக்கு அது மிகவும் பிடித்த இடம்.

அப்புறம் அடுத்த கேள்வி வந்தது. அந்த இயந்திரத்துக்குத் தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும். நிலக்கரியிலிருந்து மின்சாரம் வந்தால், பனியைக் கரைக்கும் அதே வெப்பத்துக்கு நாமே விறகு போடுகிறோம். ஆகவே பனி செய்வது தகவமைப்பா, கேடா என்று தண்ணீர், ஆற்றல், உமிழ்வு (வெளியேறும் பசுங்குடில் வாயுக்கள்) மூன்றையும் வைத்துப் பிற்காலத்தில் ஸ்காட்டின் குழுவே ஆராய்ந்தது. விடை இடத்துக்கு இடம் மாறுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். ஆல்பர்ட்டா மாகாணத்திலோ நெடுங்காலம் நிலக்கரியும் எரிவாயுவும்தான், 2024இல் நிலக்கரியைக் கைவிட்டபின் பெரும்பாலும் எரிவாயு. இயந்திரம் ஒன்றுதான், அது செய்யும் வேலையும் ஒன்றுதான், ஆனால் விளைவு வேறு.

சரி, இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

> தவறான தகவமைப்பு என்றாலே போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் தவறாகப் புரியும். தவறு என்றதும் செய்தவர் பிழை செய்தார், திட்டம் தோற்றது என்று மனம் போகிறது. இங்கே நடப்பது வேறு. கடலோர விடுதி ஒன்று தன் கடற்கரையைக் காக்கச் சுவர் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவர் நன்றாகவே நிற்கிறது, விடுதியும் தப்பிக்கிறது. ஆனால் கரையோரமாக நகர வேண்டிய மணல் தடைப்பட்டு, சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால் அடுத்தவரின் கரை அரிக்கப்படுகிறது. கட்டியவரைப் பொறுத்தவரை அது வெற்றிதான். காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. அறிவியலாளர் குழுவான ஐபிசிசியின் 2022 அறிக்கையும் மால்அடாப்டேஷன் பெரும்பாலும் நோக்கமின்றி நேரும் விளைவு என்றே சொல்கிறது. உமிழ்வு கூடுவது, பாதிப்புக்கு ஆளாகும் நிலை கூடுவது, ஒருவரின் சுமை இன்னொருவர் தலையில் ஏறுவது எல்லாம் அதில் அடங்கும். தோற்றுப்போன தகவமைப்பு பயனில்லாதது, அவ்வளவுதான். அதற்கு இந்தச் சொல் வேண்டியதில்லை.

தகவமைப்பின்மை என்று ஒரு பரிந்துரை வந்தது. உளவியல் பாடநூல்களில் வரும் பொருத்தப்பாடின்மையைப் பார்த்து உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் ‘இன்மை’ என்றால் இல்லை என்றாகிவிடும். எதுவும் செய்யாமல் இருப்பதற்குத்தான் அது பொருந்தும். எதிர்த்தகவமைப்பு, தகவமைப்பை எதிர்ப்பதுபோல ஒலிக்கிறது. இரண்டையும் விட்டுவிடலாம்.

> தகாவமைப்பு என்று வைத்தால் ஒரே ஒரு கால்தான் வேறுபாடு. அழகாக இருக்கிறது.

அழகுதான். இரண்டு நாள் இந்தச் சொல்லை விட்டு என்னால் வரமுடியவில்லை. தகவு இருந்த இடத்தில் தகா வந்து உட்கார்கிறது, இலக்கணமும் இடிக்கவில்லை. ஆனால் தட்டச்சில் ஒரு கால் விழுந்தால் பொருள் தலைகீழாகிவிடும். திட்ட அறிக்கையில் ‘இது தகாவமைப்பு’ என்று எழுதியதை அச்சகத்தில் ‘தகவமைப்பு’ என்று திருத்தினால், கேடு என்று எச்சரித்த வரி பாராட்டாக மாறிப்போகும். வாயால் சொல்லும்போதும் அந்த நெடில் காதில் தங்குவதில்லை. வருத்தத்தோடு அதை விடுகிறேன்.

நான் முன்வைக்கும் சொல் கெடுதகவமைப்பு. கெடுமதி, கெடுவினை போலக் கட்டியது. ‘கெடு’ தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். தானும் கெடுகிற, பிறரையும் கெடுக்கிற தகவமைப்பு என்று இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. செயற்கைப் பனி தன் பிழைப்புக்கே வேட்டு வைப்பது முதல் வகை. கடற்சுவர் அடுத்தவர் கரையை அரிப்பது இரண்டாம் வகை. வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்துகிறது. இன்று நன்மையாகத் தெரிந்து நாளை கெடுக்கப்போவதையும் அதே சொல்லால் குறிக்கலாம். செய்தவர்மேல் பழி போடாமல் விளைவை மட்டும் சொல்கிறது.

ஓர் இடர்ப்பாடு எனக்கே தெரிகிறது. காலவரம்பு என்ற பொருளில் ‘கெடு விதித்தார்கள்’ என்று பேசுகிறோம். ஆனால் பெயருக்கு முன்னால் ஒட்டி வரும்போது யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கெடுமதியைக் காலவரம்பு உள்ள மதி என்று இதுவரை யாரும் படித்ததில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. இயற்கையைக் கெடுக்காமல் தொடரக்கூடிய சுற்றுலாவுக்கு (sustainable tourism) நீடித்த சுற்றுலா என்ற சொல்லைக் கைவிடக் கேட்கிறேன். வாரக்கணக்கில் நீண்டுபோன பயணம் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். பேண்தகு சுற்றுலா என்று எழுதுகிறேன். பேண்தகுவிலும் தகவமைப்பிலும் ஒரே ‘தகு’தான் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆய்வில் அருகருகே வரும்போது அந்த உறவு படிப்பவருக்குத் தானாகத் தெரியும். உமிழ்வைக் குறைப்பதைக் குறிக்கும் மிட்டிகேஷனுக்குத் (mitigation) தணிப்பு நிலைபெற்றுவிட்டது, அதைத் தொடவேண்டாம்.

சோதனைக்கு இரண்டு வரி:

‘நிலக்கரி மின்சாரத்தில் பனி செய்வது தலத்துக்குத் தகவமைப்பு, காலநிலைக்குக் கெடுதகவமைப்பு.’

‘கடற்சுவர்த் திட்டங்களில் கெடுதகவமைப்பு இடர் மதிப்பிடப்பட வேண்டும்.’

இரண்டாவது வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘கெடுதகவமைப்பு இடர்’ எனக்குச் சற்று நெருடுகிறது, ‘கெடுதகவமைப்பின் இடர்’ சரளமாக இருக்குமோ? இதில் உங்கள் கருத்து வேண்டும். சொல்லையே மறுப்பவர்கள், கடற்சுவர் எடுத்துக்காட்டுக்குப் பொருந்துகிற மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். ஆய்வுச் சுருக்கத்தை அடுத்த வாரம் அனுப்பவேண்டும், அதுவரை திருத்த இடமிருக்கிறது.

அன்புடன்.