புதுப்பிப்பு: மகனின் ராணுவ விண்ணப்பம், காணாமல் போன டாக்டர் குறிப்பு

முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. இங்கே நியூ ஜெர்சியில் என் மகன் அமெரிக்க ராணுவத்தில் சேர விண்ணப்பித்தான். 14 வயதில் அவனுக்கு இன்ஹேலர் கொடுத்த பதிவு மட்டும் இருந்தது, எதற்காகக் கொடுத்தார்கள் என்ற குறிப்பு இல்லை. 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் தகுதியில்லை என்பது விதி. அதனால் கோப்பு அப்படியே நின்றுவிட்டது.

இப்போது குறிப்பு கிடைத்துவிட்டது! பழைய கிளினிக் மூடிவிட்டதால் பதிவுகள் வேறு இடத்துக்குப் போயிருந்தன. போனில் மூன்று முறை கேட்டும் இல்லை என்றார்கள். அப்புறம் அவனே கையெழுத்திட்டு எழுத்து மூலம் கேட்டான். ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், ஒரு முறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். 26ஆம் நாளில் குறிப்பு கைக்கு வந்தது. மூச்சுக்குழாய் அழற்சி, இரண்டு வார மருந்து, அவ்வளவுதான். ஆஸ்துமா என்ற சொல்லே இல்லை. படித்ததும் என் மனைவி அழுதுவிட்டாள்.

முன்பு எழுதியபோது, “இன்ஹேலர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள்” என்று சிலர் அன்போடு சொன்னீர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். 2022 முதல், ராணுவத்தில் சேர வருபவர்களைப் பரிசோதிக்கும் மெப்ஸ் மையங்களில் உள்ள ஜெனிசிஸ் என்ற மின்னணு மருத்துவப் பதிவு அமைப்பு, தனியார் மருத்துவமனைப் பதிவுகளையும் எடுத்துப் பார்க்கிறது. மறைத்துச் சேர்வது ராணுவச் சட்டப்படி குற்றம். பிள்ளையின் எதிர்காலம் அது.

அடுத்த வாரம் நுரையீரல் பரிசோதனை. அதிலும் சந்தேகம் வந்தால் அந்த ஆஸ்துமா விதியிலிருந்து விலக்கு கேட்டு விண்ணப்பிப்போம். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.